கங்காணி வீட்டுக் கணக்கு

என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் பிழைப்புக்காகச் சீமை விட்டுச் சீமை போன மூத்தவர் யாராவது இருந்தால், அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "தாத்தா, உங்க தாத்தா சிலோனுக்குப் போனவர்தானே? சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

நானும் சொல்லத் தொடங்கினேன். ராமநாதபுரம் சீமையில், மழையை நம்பிய ஒரு கண்மாய்க் கரை ஊரில், ஏழை வீட்டில் பிறந்தார். பதினாறு வயதில் கடல் கடந்து போனார். குளிரிலும் அட்டைக்கடியிலும் கஷ்டப்பட்டார். உழைத்து முன்னுக்கு வந்தார். ஊர் திரும்பி, ஊர் ஜனங்களுக்காக ஊருணிக்குப் படித்துறை கட்டிக் கொடுத்தார். அவள் பேனா தடையில்லாமல் ஓடிற்று. பக்கம் நிறைய இன்னும் நாலு வரி இருந்தபோது என்னால் மேலே பேச முடியவில்லை. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் மனசு கூசியது. "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன். அந்த மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

பாட்டனைப் பற்றி இப்படி எழுதுவது உலகமெங்கும் நடக்கிற காரியந்தான். ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் டால்மேஷியா என்றொரு பிரதேசம் இருக்கிறது. இன்றைய குரோஷியாவைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே திராட்சைக் கொடிகளின் வேரை ஒரு பூச்சி தின்று தீர்த்தது. கொடியை நம்பியிருந்த ஜனங்கள் கப்பலேறினார்கள். நியூசிலாந்துக்குப் போய்ச் சதுப்பு நிலத்தைத் தோண்டி காவ்ரி மரத்தின் பழம்பிசினை எடுத்தார்கள். சிலி தேசத்தின் தென்கோடி வரைக்கும் போனார்கள். அமெரிக்கச் சுரங்கங்களில் இறங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாட்டனைப் பற்றி எழுதும் நினைவுகளைப் படித்தால் எனக்கு ஒரு விஷயம் தோன்றும். பாட்டன்மார் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கிறார்கள். ஏழை, உழைப்பாளி, அதிகம் பேசாதவர், யாரையும் கெடுக்காதவர். ஊரிலேயே இருந்து செத்தவனைப் பற்றி இப்படி எழுத முடியாது. அடுத்த வீட்டுக்காரன் வந்து, "உன் பாட்டன் என் வரப்பை வெட்டினவன்" என்று சொல்லிவிடுவான். கடல் கடந்தவனுக்கு அடுத்த வீட்டுக்காரன் இல்லை. சாட்சி கிடையாது. அவன் சொன்னதும், சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகள் நிரப்பிக்கொண்டதும்தான் சரித்திரம்.

என் பாட்டனுக்குச் சாட்சி ஒன்று இருந்தது. அதனால்தான் இந்தச் சங்கடம்.

எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவரை 'அய்யா' என்று கூப்பிடுவோம். நான் அறிந்த அய்யா கிழவர். விடியற்காலம் நாலரை மணிக்கு, யாரோ தப்பு அடித்து எழுப்பியதுபோல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பால் விடாத தேத்தண்ணியை, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பார். சிலோனைப் பற்றிக் கேட்டால், "அது கிடக்குது போ" என்பார். அப்பத்தாதான் சொல்லுவாள்: போன புதிதில் கால் விரலிடுக்கெல்லாம் அட்டை கடித்துப் புண்ணாகி நடக்க முடியாமல் கிடந்ததையும், குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு லயத்தில் படுத்ததையும். அய்யா 1964ஆம் வருஷம் ஆடி மாதத்தில் காலமானார். அதே வருஷம் டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அவர் எத்தனையோ தடவை கப்பலேறிய துறை அவர் போன சில மாதங்களுக்குள் கடலுக்குள் போய்விட்டது.

இந்தக் கரைக்கும் அந்த மலைக்கும் உள்ள சம்பந்தம் அவருக்கு முன்பே தொடங்கியது. 1820களில் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் போகத் தொடங்கி, இந்தக் கரைத் துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து மாத்தளைக்குப் போனார்கள். வழியில் பேதியிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 2023ஆம் வருஷம், மலையகத் தமிழர் போய் 200 வருஷமானதை நினைத்து, அவர்களுடைய சந்ததியார் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் அதே பாதையை நடந்து கடந்தார்கள். அய்யா காலத்தில் நடை இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்துவிட்டன. பிறகு மண்டபத்தில் இலங்கை சர்க்கார் நடத்திய முகாமில் ஆட்களை நிறுத்திவைத்து, குளிப்பாட்டி, துணியை ஆவியில் போட்டு, அம்மை குத்தி, நோயில்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். பாவம் தொலைக்கச் சேதுவுக்குப் போகிற யாத்திரிகர்களும், பஞ்சம் பிழைக்கப் போகிற கூலிகளும் ஒரே ரயிலில்தான் போனார்கள்.

அய்யா முதலில் அந்தக் கூலிகளில் ஒருவராகத்தான் போனார். சில வருஷங்களில் சில்லறைக் கங்காணியானார். பிறகு கங்காணி. பேத்தியிடம் 'முன்னுக்கு வந்தார்' என்று நான் சொன்னேனே, அந்த இரண்டு வார்த்தைக்குள் இருப்பது இதுதான்.

கங்காணி என்றால் மேஸ்திரி என்று இன்றைக்குச் சிலர் நினைக்கக்கூடும். அது பாதிதான். இங்கிலீஷ் துரைமார் நம் நாட்டுக்கு வைத்திருந்த பெயர் 'கோஸ்ட்', அதாவது கரை. கரையிலிருந்து ஆள் கொண்டுவரத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்கு வருவார். சில்க் ஜிப்பா, கடுக்கன், கையில் குடை. மழை பொய்த்த வருஷமாகப் பார்த்து வருவார். கடன்பட்டவனின் கடனை அடைப்பார். வழிச் செலவு, சோறு, கம்பளி எல்லாம் அவர் பொறுப்பு. அத்தனையும் போகிறவன் பேரில் கடனாக ஏறும். தோட்டத்தில் இறங்கும்போதே அவன் கடன்காரன். அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்னாருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதின காகிதம் அது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். அதற்கப்புறமும் கடன் என்கிற நினைப்பு ஒழியவில்லை. இன்னொன்றும் உண்டு. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்குப் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போனார்களோ, அத்தனை தலைக்கும் கங்காணிக்குச் சில சதம் தோட்டத்திலிருந்து கிடைக்கும். 'பென்ஸ் காசு' என்று அதற்குப் பெயர். ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டால் கங்காணிக்கு நஷ்டம். ஆகவே கங்காணி ஆளைப் படுக்க விடமாட்டார்.

தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் கூலிக்கு 'ஒரு பேர்' என்று பெயர். வேலை குறைந்தால் 'அரைப் பேர்'. ஒரு மனுஷனின் பெயரைப் பாதியாக வெட்டிக் கணக்கில் எழுத முடியும் என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது அய்யாவின் பேரேட்டிலிருந்துதான்.

அந்தப் பேரேடுதான் சாட்சி. சிலோனிலிருந்து அவர் கொண்டுவந்த தகரப்பெட்டியில், ஒரு கறுப்புக் கோட்டுக்கும் நின்றுபோன கடிகாரத்துக்கும் அடியில் இருந்தது. அப்பா அதை வெளியில் எடுக்கவே மாட்டார். அதில் நூற்றுச் சொச்சம் பெயர்கள். பாதிக்கு மேல் எங்கள் ஊர்க் கீழத்தெருப் பெயர்கள். கீழத்தெரு என்றால் எந்த ஜனங்கள் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1973 என்று ஞாபகம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஒரு மத்தியானம் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை வந்து எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள். மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. கையில் துணிப்பை. விரல்களில் கொழுந்து பறித்த கறை. மண்டபம் முகாமில் இருப்பதாகவும், நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்றும் சொன்னாள்.

அவள் எப்படி அங்கே வந்து நின்றாள் என்பதற்கு ஒரு சின்னச் சரித்திரம் உண்டு. 1948இல் இலங்கை போட்ட பிரஜா உரிமைச் சட்டப்படி, அங்கே பிறந்தவனானாலும் தன் தகப்பனும் அங்கே பிறந்தவன் என்று காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுடைய பூட்டனுக்கு யார் பிறப்புச் சீட்டு எழுதி வைத்தார்கள்? லட்சக்கணக்கானவர்கள் எந்த தேசத்துக்கும் பாத்தியதை இல்லாதவர்களானார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவின் பங்கில் விழுந்தவள் அவள். இந்த நாட்டை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை.

"கங்காணி அய்யா வீடு இதுதானுங்களா?"

"ஆமா. அவர் காலமாகி ஒம்பது வருஷமாச்சு. என்ன வேணும்?" என்றார் அப்பா.

"எங்கப்பன் பேரு கணக்குல இருக்குதான்னு பாக்கணுங்க. சாகும்போது சொல்லுச்சுங்க. கங்காணி வீட்டுக் கணக்கு ஒண்ணு பாக்கி நிக்குது, என்னைக்காச்சும் ஊருக்குப் போனா கேட்டுத் தீத்துடுன்னு." சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கொஞ்சம் நோட்டுகள், சில்லறை. மண்டபத்தில் கொடுத்த உதவிப் பணமாக இருக்க வேண்டும்.

அப்பா உள்ளே வரவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "அதெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சும்மா. நீ ஒண்ணும் தரவேண்டாம். போய் நல்லா இரு" என்றார்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியை எழுத என்னால் ஆகாது. கை கூப்பி, "மகராசனா இருக்கணுங்க" என்று சொன்னாள். அம்மா காப்பி கொடுத்தாள். திண்ணைப் பிறையில் அதற்கென்று தனியாக வைத்திருந்த அலுமினியத் தம்ளரில் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி நான் பெட்டியைத் திறந்தேன். அவள் தகப்பன் பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. கடன் 41 ரூபாய் என்று இருந்தது. கணக்குத் தீர்ந்த மற்றப் பெயர்களின் குறுக்கே அய்யா ஒரு கோடு இழுத்திருப்பார். இந்தப் பெயரின்மேல் கோடு இல்லை.

அப்பா சொன்னது பொய் என்று கோபமாக அவரிடம் போனேன். இருபத்தொரு வயசில் எல்லாருக்கும் வருகிற கோபந்தான். "பொய்தான். அந்தப் பொம்பளையோட காசை வாங்கச் சொல்றியா?" என்றார் அப்பா. வாங்கச் சொல்லவில்லை. ஆனால் நாம் பெருந்தன்மையாக மன்னித்ததுபோல் அவளை அனுப்பியது சரியா? மன்னிக்க நமக்கு என்ன பாத்தியதை?

அப்பாவுக்கும் எனக்கும் அதற்குப் பிறகு பல வருஷம் இந்த வழக்கு ஓடிற்று. அவர் கட்சியை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. அது பலமான கட்சி. "ஏற்பாட்டை அய்யாவா உண்டாக்கினார்? துரை உண்டாக்கினான். அய்யா இல்லாவிட்டால் இன்னொரு கங்காணி. அய்யா கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு வேளைக்குச் சோறு கிடைத்தது. போகாமல் இங்கே கிடந்தவர்கள் பஞ்சத்தில் என்ன ஆனார்கள்? நீ இன்றைக்கு உட்கார்ந்து கதை எழுதுகிறாயே, உன் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது?" கடைசிக் கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்க்கவில்லை. எனக்கோ அந்தக் கேள்விதான் வழக்கின் மூலம்.

ஒரு தை அமாவாசைக்கு இரண்டு பேரும் ராமேஸ்வரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம். சாஸ்திரிகள் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என்று கேட்டுக் கேட்டு எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். பிதிர்க்கடன் என்பது அதற்குப் பெயர். எனக்கு அப்போது பொறி தட்டியதுபோல் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் கேட்டதும் இதே மூன்று பெயர்கள்தாம். எங்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியும். பூட்டன் பெயர் சொல்ல எங்களுக்கு நிலப் பட்டா இருக்கிறது, கோயில் கல்வெட்டு இருக்கிறது. வேப்பமரத்தடியில் நின்றவளுக்கோ, தகப்பன் பெயர் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டிக்குள் கிடக்கிறது, கடன்காரன் என்கிற அடையாளத்தோடு.

பிதிர்களுக்கு நாம் பட்ட கடனைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். பிதிர்கள் மற்றவர்களுக்குப் பட்ட கடனை என்ன செய்வது? அதற்கும் நம் பழைய சட்டத்தில் இடம் இருந்தது என்பது ஆச்சரியமான விஷயம். மிதாக்ஷர முறைப்படி, தகப்பன், பாட்டன், பூட்டன் வைத்துவிட்டுப் போன கடனைப் பிள்ளையும் பேரனும் கொள்ளுப்பேரனும் தீர்ப்பது தர்ம கடமை. கோர்ட்டுகள் அதை நெடுங்காலம் ஏற்றுத் தீர்ப்பு வழங்கியிருக்கின்றன. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பெண்களுக்குச் சம பங்கு கொடுத்த அதே திருத்தத்தில், அதன்பின் வாங்கும் கடன்களுக்கு அந்தக் கடமை இல்லை என்று செய்துவிட்டார்கள். நல்லதுதான். லேவாதேவிக்காரன் பேரப்பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பழைய விதிக்குள் ஒரு நேர்மை இருந்தது. சொத்து வந்த வழியாகவே கடனும் வரும் என்று அது ஒப்புக்கொண்டது. நாம் இப்போது சொத்தை வாங்கிக்கொள்கிறோம், பெருமையை வாங்கிக்கொள்கிறோம், பாட்டன் பட்ட கஷ்டத்தைக்கூட நம் கஷ்டம்போல வாங்கிக்கொண்டு மேடையில் பேசுகிறோம். கடன் என்று வரும்போது மட்டும், "அது அந்தக் காலம்" என்கிறோம்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேரேட்டில் அய்யா எழுதியிருக்கிறபடி தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு சதம் பென்ஸ் காசு. அந்த மனுஷர் அய்யாவின் கீழ் பதினோரு வருஷம் இருந்திருக்கிறார். வருஷத்துக்கு இருநூற்றைம்பது பேர் என்று வைத்தாலும், அவர் எழுந்து வேலைக்குப் போனார் என்பதற்காகவே அய்யாவுக்குக் கிடைத்தது 55 ரூபாய். கணக்குப்பிள்ளை யாராவது இதைப் பார்த்தால் சிரிப்பார். பென்ஸ் காசு கொடுத்தது தோட்டம், கடன் வாங்கியது ஆள், இரண்டும் வேறு வேறு பற்று வரவு என்பார். சரிதான். அய்யாவும் அப்படித்தான் எண்ணியிருப்பார். அவர் கணக்கில் ஒரு சதம் தவறு கிடையாது. அவர் திருடவில்லை, ஏமாற்றவில்லை, சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! அவரை ஒதுக்கிவிட்டு நான் சுத்தமாகிவிடலாம். அட்டை கடித்த காலோடு லயத்தில் கிடந்த பதினாறு வயசுப் பையனும், காய்ச்சல்காரனைப் பெரட்டுக்கு எழுப்பின கங்காணியும் ஒரே ஆள். தாம் பட்டது தெரிந்தும் அடுத்தவனைப் படுத்தினார் என்று சொல்லலாம். தாம் பட்டதனாலேயே அதுதான் உலக வழக்கம் என்று நினைத்தார் என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் நிஜம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊருணிப் படித்துறைக் கல்லில் அய்யாவின் பெயர் இன்றும் இருக்கிறது, 'உபயம்' என்கிற வார்த்தையோடு. கட்டிய காலத்தில் கீழத்தெருக்காரர்கள் அதில் இறங்கக் கூடாது. குடத்தை வைத்துக்கொண்டு கரையில் காத்திருப்பார்கள். யாராவது இரங்கி ஊற்றினால்தான் தண்ணீர். யாருடைய தலைக்கு இரண்டு சதமாகச் சேர்ந்த பணமோ அந்தப் படி, அவர்களுடைய கால் படக் கூடாத படி. அய்யாவுக்கு இது தோன்றியதா என்று கேட்க எனக்கு அப்போது வயசு போதவில்லை. வயசு வந்தபோது அவர் இல்லை.

அவளைத் தேடிக்கொண்டு நான் ஒரு தடவை கூடலூர்ப் பக்கம் போனேன். பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேயிலை மலையில் ஆளைத் தேடுகிறவனுடைய அசட்டுத்தனத்தை அங்கே உள்ளவர்கள் மரியாதையாகப் பொறுத்துக்கொண்டார்கள். கண்டுபிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "உன் அப்பன் எங்களுக்குப் பாக்கி இல்லை, நாங்கள்தான் பாக்கி" என்றா? சொல்லிவிட்டு எவ்வளவு ரூபாய் கொடுத்திருப்பேன்? பதினான்கு ரூபாயா? கேட்டால் சிரிப்பு வருகிறது. அந்தக் கடன் தீர்ந்தது என்று நம்பி அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். தன் தகப்பன் கடன்காரனே இல்லை என்று எடுத்துச் சொல்லியிருந்தால், ஒருவேளை அவள் நிம்மதி போய்க் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபம் அவளுக்குச் சேர வேண்டியது. அப்பா அவளிடமிருந்து காசை வாங்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை வாங்கிவிட்டார் என்று எனக்குச் சில சமயம் படுகிறது. அப்பாவும் போய்ப் பல வருஷம் ஆகிறது. இந்த வழக்கில் எதிர்க்கட்சி வாதிட இப்போது ஆளில்லை.

மறுநாள் சாயங்காலம் பேத்தி மறுபடியும் நோட்டோடு வந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் பேரேட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பழைய எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. நான் படிக்கப் படிக்க அவள் விரலால் தொடர்ந்துகொண்டு வந்தாள். கோடு இழுத்த பெயர்களைத் தாண்டி அந்தப் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது.

"இவங்க மேல மட்டும் ஏன் தாத்தா கோடு இல்லை?"

வேப்பமரத்தடி, முந்தானை முடிச்சு, அலுமினியத் தம்ளர் எல்லாவற்றையும் சொன்னேன். தம்ளரைப் பற்றிச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டேன். "நீங்க அப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"திண்ணையிலதான் இருந்தேன்."

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பேனாவின் மூடியைத் திறந்து, பக்கத்தில் மீதியிருந்த நாலு வரியில் எழுதத் தொடங்கினாள். எதிர்ப்பக்கமாக உட்கார்ந்திருந்ததால் எனக்கு வாசிக்க முடியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்து, "அந்தப் பேரை எப்படி எழுதணும்? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.